ரோபோ என்னும் பண்ணையாள்

'ரோபோ' என்ற சொல் எந்த ஆய்வுக்கூடத்திலும் பிறக்கவில்லை. செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920-இல் எழுதிய 'ஆர்.யு.ஆர்.' நாடகத்தின் வழியாகத்தான் அது உலகத்துக்கு வந்தது. செக் மொழியில் 'ரொபோட்டா' என்றால் நிலப்பிரபுவுக்குக் குடியானவர் செய்தே ஆக வேண்டிய கட்டாய உழைப்பு. சோழர் கல்வெட்டுகள் கூலியில்லாத கட்டாய உழைப்பை 'வெட்டி' என்கின்றன. ஆக, ரோபோ நமக்கு அந்நியன் அல்ல. காவிரிக் கரையில் அவனுக்குப் பண்ணையாள் என்று பெயர்.

ஒரத்தநாட்டைச் சுற்றியுள்ள சேரிப் பிள்ளைகள் இன்று கைப்பேசியில் ரோபோ வரைகிறார்கள், விண்வெளிக் கதை எழுதுகிறார்கள். உடம்பு, ஆயுதம், கண்ணில் எரியும் விளக்கு எல்லாம் அச்சு அசலாக இருக்கின்றன. "இவன் என்ன பேசுவான்?" என்று கேட்டால் பதில் வருவதில்லை. ஆனால் ஒரு பாத்திரத்துக்கு உயிர் வருவது அங்கேதான். சினிமா வசனம் இதைக் கற்றுத்தரும்.

1977-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் ஒரு மதுக்கடைக்காரர், ரோபோக்களுக்கு இங்கே இடமில்லை, வெளியே நிற்கட்டும் என்கிறார். அவையும் எதிர்ப்பில்லாமல் வெளியேறுகின்றன. அந்த ஒரு வசனத்தில் தகரம் மனிதனாகிவிடுகிறது. இரட்டைக் குவளை வைத்த டீக்கடையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

2010-இல் வந்த 'எந்திரன்' படத்தின் முடிவில், சிட்டி அருங்காட்சியகத்தில் காட்சிப்பொருளாக இருக்கிறது. இதை ஏன் பிரித்துப்போட்டார்கள் என்று ஒரு பள்ளிக் குழந்தை கேட்கிறது. தான் சிந்திக்கத் தொடங்கியதுதான் காரணம் என்கிறது சிட்டி. சொன்னதைச் செய்யும் வரை அது சாதனை, சிந்தித்தால் குற்றம்.

தஞ்சைப் பண்ணைகளில் இது கற்பனைக் கதை அல்ல. பண்ணையாளுக்கு அனுமதிக்கப்பட்ட வசனம் "சரிங்க ஆண்டே" மட்டும்தான். மீறினால் சவுக்கடி, சாணிப்பால். 1940-களில் பி. சீனிவாச ராவ் போன்றோர் செங்கொடியின் கீழ் இவர்களைத் திரட்டியபோதுதான் அந்த வசனம் மாறியது. 1952-இல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனாலும், கூலி உயர்வு கேட்டுச் சங்கமாக நின்றதற்காக, 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். சிந்தித்ததற்கு நம் மண் கொடுத்த தண்டனை அது.

பா. இரஞ்சித்தின் 'கபாலி' (2016) இதற்கு மறுபக்கம். காந்தி சட்டையைத் துறந்ததற்கும் அம்பேத்கர் கோட் அணிந்ததற்கும் காரணம் இருக்கிறது என்கிறான் கபாலி. தோளில் துண்டு போடவும் காலில் செருப்பு அணியவும் தடை இருந்த சமூகத்துக்குக் கோட் என்பது ஆடம்பரம் அல்ல, பதில். அந்த வசனத்துக்குப் பிறகு கபாலியின் உடையே அரசியலாகிவிடுகிறது. பாத்திர வடிவமைப்பு என்பது இதுதான்.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, இரும்பிலிருந்து தொடங்காதீர்கள். உங்கள் ரோபோ யாருக்காக உழைக்கிறது? எந்தக் கடைக்குள் அதற்கு அனுமதி இல்லை? எந்த வார்த்தையைச் சொன்னால் அதைப் பிரித்துப்போடுவார்கள்? அந்த வார்த்தையை முதலில் எழுதுங்கள். உங்கள் தாத்தாவிடமும் அப்பாயியிடமும் கேட்டால் அது கிடைக்கும். அதன் பிறகு முகம் வரையுங்கள்.