மாதோட்டத்து வணிகரும் அறப்பொருட் காவலும்

அறஞ்செய்ய விரும்புவோர் எக்காலத்தும் உளர். செய்த அறத்தை அழியாது காப்போரே அரியர். பொருளைக் கொடுத்தவுடன் கொடை நிறைவெய்துவதில்லை. அப்பொருள் யாவர் கையில் வைக்கப்படுகின்றது, எம்முறையிற் பேணப்படுகின்றது என்பவற்றைப் பொறுத்தே அதன் வாழ்நாள் அமையும். இதனை நன்கு விளக்குவது, மன்னார்த் தீவுக்கு எதிரே பெருநிலக் கரையில் விளங்கிய மாதோட்டத்தின் வரலாறு.

பாலி நூல்கள் மகாதித்த எனக் கூறும் இத்துறை, அநுராதபுர அரசின் கடல்வாயிலாக இருந்தது. சீன நாட்டினின்றும் மேலையாசியாவினின்றும் வந்த மட்கலங்களின் உடைசல்கள் இங்கு நிகழ்ந்த அகழாய்வுகளிற் கிடைத்துள்ளன. இத்துறையையடுத்த பாலாவிக் கரையில் எழுந்ததே, சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம்.

பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஈழத்தின் வடபகுதி சோழர் வசமாயிற்று. மாதோட்டம் இராசராசபுரம் எனப் பெயர் பெற்றது. ஆங்கு தாழிகுமரன் என்னும் சோழ நாட்டுத் தலைவன் இராசராச ஈச்சரம் என்னும் கோயிலை எடுப்பித்து, வைகாசி விசாகத் திருவிழா முதலியவற்றிற்கு நிலம் விடுத்தான். நிலத்தோடு அமையாது, அவ்வூரில் விலைப்படும் பண்டங்கள்மீதும் நெசவுத் தறிகள்மீதும் பெறும் வரியையும் அக்கோயிலுக்கு உரிமையாக்கினான். ஊரின் தொழில் வளர்ந்தால் கோயிலின் வருவாயும் வளரும் என்பது இதன் கருத்து.

இதனினும் நம் சிந்தனைக்குரியது மற்றொரு சாசனம். திருவிராமீச்சரம் என்னும் கோயிலுக்கு வழங்கிய அறப்பொருள், அதிகாரிகளிடம் அன்று, ஊர் வணிகக் குழுவினரிடமே ஒப்படைக்கப்பட்டது. எண்ணெய் வணிகராகிய சங்கரபாடியார், வெற்றிலை வாணியர், வாழைக்காய் வாணியர் என்போரே அவர். விளக்குக்கு எண்ணெய் வேண்டும். நிவேதனத்திற்கு வெற்றிலையும் வாழையும் வேண்டும். அப்பண்டங்களை நாள்தோறும் கையாள்வோரிடமே பொருளை வைத்தமை நுட்பமான ஏற்பாடு என்க. முதல் குறையாது பயனைக்கொண்டு அறம் நடாத்துவது அக்கால வழக்கு. தனியொருவர் இறப்பினும் குழு இறவாது. கல்லில் எழுதப்பட்டமையால் யாரும் அதனை மறைத்தல் இயலாது.

அவ்வாறாயின் அவ்வறங்கள் இன்று எங்கே? துறை தளர்ந்தது, வணிகக் குழுக்கள் கலைந்தன. 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றினர். திருக்கேதீச்சரமும் அவர் காலத்தில் அழிந்தது. காப்போர் சிதறியபின், கல்லிற் பொறித்த ஆணையும் மண்ணுள் மறைந்தது. பொருளினும் காக்கும் சமுதாயமே அறத்தின் உயிர் என்பது இதனாற் போதரும்.

1872இல் ஆறுமுக நாவலர் இத்தலத்தை மீட்குமாறு சைவர்க்கு வேண்டுகோள் விடுத்தார். அவர் 1879இல் மறைந்தார். எனினும் வேண்டுகோள் மறையவில்லை. 1893இல் அந்நிலம் ஏலத்தில் வாங்கப்பட்டுச் சைவரின் உடைமையாயிற்று; 1903இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. பின்னர் நாட்டுக்கோட்டை நகரத்தார் அதனைப் பரிபாலித்தனர். 1948இல் சேர் கந்தையா வைத்தியநாதன் முயற்சியால் திருப்பணிச் சபை தோன்றியது. அவர் 1965இல் மறைந்த பின்னரும் பணி தொடர்ந்து, 1976இல் குடமுழுக்கு நிறைவேறியது. ஒருவர் தொடங்கியதைச் சபை முடித்தது. சங்கரபாடியார் காலத்து நெறியே புதுவடிவில் வந்தது எனலாம்.

1990இல் போர் மக்களை அவ்விடத்தினின்றும் பெயர்த்தது. மீண்டும் தொடங்கிய கருங்கற்றிருப்பணிக்கு இந்திய அரசும் உதவியது. 2022 யூலை 6இல் குடமுழுக்கு இனிது நிறைவேறியது.

இன்று நம் ஊர்களில் கடைக்காரரும் கூட்டுறவுச் சங்கத்தாரும் பாடசாலைக்கும் மருத்துவமனைக்கும் நிதி திரட்டுகின்றனர். அது போற்றத்தக்கது. ஆயினும் திரட்டிய நாளின் ஆரவாரம் அடங்கியபின் அந்நிதியைக் காப்போர் யாவர்? பலர் கூடிய பொறுப்பு, குறித்த நோக்கம், யாவரும் காணும் கணக்கு ஆகிய மூன்றையும் மாதோட்டத்துக் கல்வெட்டு நமக்குக் கற்பிக்கின்றது. அவற்றை மேற்கொள்வோமாயின், நாம் ஏற்றும் விளக்கு நமக்குப் பின்னும் எரியும்.