சிம்பை அவிழ்த்த தாதி



இளம்பிள்ளை வாதம் கண்ட குழந்தையின் கைகால்களைச் சிம்பு வைத்துக் கட்டி, மாதக்கணக்கில் அசையாது கிடத்துவதே இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வைத்திய மரபாயிருந்தது. வலுவிழந்த தசையை வலுவுள்ள தசை இழுத்து அங்கத்தைக் கோணலாக்கிவிடும் என்பது அன்றைய அச்சம். கட்டுண்டு கிடந்த தசையோ மெலிந்தது, மூட்டும் இறுகிற்று.

இம்மரபை எதிர்த்தவர் அவுஸ்திரேலியாவில் 1880இல் பிறந்த எலிசபெத் கெனி. முறையான தாதிப் பயிற்சிச் சான்றிதழ் இல்லாதவர். முதலாம் உலகப் போரில் படைக் கப்பல்களிற் பணியாற்றியே 'சிஸ்டர்' என்னும் பட்டத்தை அடைந்தவர். கொதிநீரில் தோய்த்த கம்பளித் துண்டுகளால் நொந்த தசையைச் சுற்றினார். நீரை ஒட்டப் பிழிந்தமையால் தோல் வேகாது. அவரது முறையின் நுட்பங்களுள் இதுவும் ஒன்று. நோவு தணிந்ததும் மூட்டுக்களை மெல்ல அசைத்தார். பின்னர் குழந்தையே மனம்வைத்து அசைக்கப் பழக்கினார்.

குயின்ஸ்லாந்து அரசாங்கம் நியமித்த ஆணைக்குழு 1938இல் இம்முறையை நிராகரித்தது. அவர் 1940இல் அமெரிக்கா சென்றார். 1942இல் மினியாப்பொலிஸ் நகரில் அவர் பெயரால் ஒரு நிலையம் எழுந்தது. சிம்புகள் படிப்படியாக ஒழிந்தன. நோயைப் பற்றி அவர் தந்த விளக்கத்தை வைத்திய உலகம் முற்றாக ஏற்கவில்லை. விளக்கம் பிழைத்தபோதும் அவர் கை பிழைக்கவில்லை என்றே நான் கருதுகிறேன்.

கெனி 1952இல் காலமானார். 1955இல் சோல்க்கின் தடுப்பூசி பாவனைக்கு வந்தபின் அந்நோயாளர் தொகை விரைந்து குறைந்தது. நோவைத் தணித்து மூட்டை அசைத்துப் பழக்கும் வழக்கமோ இயன்மருத்துவத்தில் இன்றும் உண்டு.