சூதாட்ட நகரங்களின் கதை – 7: காலண்டரில் அணுகுண்டு!

1931-ல் நெவாடா மாநிலம் சூதாட்டத்துக்குச் சட்ட அனுமதி தந்ததையும், ஹூவர் அணை கட்ட வந்த கூலியாட்கள் சம்பளப் பணத்தோடு லாஸ் வேகாஸ் கிளப்புகளில் புகுந்ததையும் சென்ற வாரம் பார்த்தோம். 1950-ல் ஊரின் மக்கள்தொகை ஏறத்தாழ 25,000. அடுத்த வருஷமே பக்கத்துப் பாலைவனத்துக்கு அணுகுண்டு வந்து சேர்ந்தது.

1951 ஜனவரி 27, விடியற்காலை. நகரிலிருந்து வடமேற்கே சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருந்த சோதனைக் களத்தில், விமானத்திலிருந்து முதல் குண்டைப் போட்டார்கள். 1962 வரை அங்கே தரைக்கு மேலே வெடித்தவை மட்டும் 100.

வேறு ஊராக இருந்தால் ஜனங்கள் மூட்டை கட்டியிருப்பார்கள். வேகாஸ் வியாபாரிகளோ விளம்பரம் எழுத உட்கார்ந்தார்கள். எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு வெடிக்கும், எங்கே நின்றால் நன்றாகத் தெரியும் என்று வர்த்தக சபை காலண்டரே அச்சடித்தது. வெடிப்பு பெரும்பாலும் பொழுது புலரும் வேளையில்தான். இரவெல்லாம் சீட்டாடியவர்களுக்கு அது ரொம்ப வசதி. கையில் கோப்பையோடு மாடியேறினால் போதும். ஃப்ரீமான்ட் தெருவில் இப்படி மொட்டைமாடிக் கூட்டத்தாலேயே பெயர் பெற்ற மதுக்கடையின் பெயர், அட்டாமிக் லிக்கர்ஸ்!

1957-ல் சாண்ட்ஸ் ஹோட்டல் நடனப் பெண் ஒருவர், நீச்சலுடை மேல் பஞ்சில் செய்த காளான் மேகத்தை ஒட்டிக்கொண்டு, இரு கைகளையும் விரித்துச் சிரித்தபடி போஸ் கொடுத்தார். 'மிஸ் அட்டாமிக் பாம்' என்று அந்தப் படம் உலகம் சுற்றியது. அழகிப் போட்டியெல்லாம் எதுவும் நடக்கவில்லை. வெறும் விளம்பரப் படம்தான். வேகாஸுக்கு அதுவே தாராளம்.

காலண்டரில் இல்லாத விஷயம் ஒன்று உண்டு. காற்று வேகாஸ் பக்கமோ லாஸ் ஏஞ்சலிஸ் பக்கமோ வீசினால் சோதனையைத் தள்ளிவைப்பார்கள். கிழக்கே திரும்பினால் வெடிப்பார்கள். கிழக்கே யூட்டா மாநிலம். அங்கே சின்னச் சின்ன ஊர்கள், செம்மறியாட்டு மந்தைகள்.

1953 மே 19-ல் வெடித்த 'ஹாரி' என்ற குண்டின் கதிரியக்கத் தூசி செயின்ட் ஜார்ஜ் என்ற ஊரின் மேல் இறங்கியது. வீட்டை விட்டு வெளியே வராதீர்கள் என்று மக்களுக்குச் சொன்னார்கள். ஆடுகளுக்கு யார் சொல்வது? அந்த ஆண்டு சீடர் சிட்டி வட்டாரத்தில் ஆயிரக்கணக்கில் செத்தன. ஆட்டுக்காரர்கள் வழக்குப் போட்டு 1956-ல் தோற்றார்கள். 1982-ல், தீர்ப்பளித்த அதே நீதிபதி ஷெர்மன் கிறிஸ்டென்சன், அரசுத் தரப்பு அன்று நீதிமன்றத்தை ஏமாற்றிவிட்டது என்றார். மேல்முறையீட்டில் அதுவும் நிற்கவில்லை.

1990-ல் அமெரிக்க நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டுச் சட்டம் போட்டது. காற்று வீசிய திசையில் வாழ்ந்து, குறிப்பிட்ட புற்றுநோய்களுக்கு ஆளானவர்களுக்குத் தலா 50,000 டாலர். செத்த ஆடுகளுக்கு அந்தச் சட்டத்தில் ஒரு சென்ட் கூட இல்லை.