வாய்வழி நிரப்பும் துப்பாக்கி வெடிக்காமை

வாய்வழி நிரப்பும் துப்பாக்கி என்பது கருமருந்தையும் குண்டையும் குழலின் முன்வாய் வழியாக இட்டு, நீண்ட கோலால் கிட்டித்துச் சுடும் துப்பாக்கி ஆகும். தமிழ்நாட்டில் இது பொதுவாக நாட்டுத் துப்பாக்கி எனப்படுகிறது. விசையை இழுத்தும் இத்துப்பாக்கி சுடாமல் போவதே வெடிக்காமை ஆகும். பின்புறம் திறக்கும் துப்பாக்கியில் பழுதான தோட்டாவைப் பின்வழியே வெளியே எடுத்துவிடலாம். இதில் அவ்வழி இல்லை. மருந்தும் குண்டும் குழலின் அடியிலேயே தங்கிவிடுகின்றன. ஆகவே வெடிக்காத துப்பாக்கியை நிரப்பிய துப்பாக்கியாகவே கருத வேண்டும்.

இயங்கும் முறை

விசையை இழுத்ததும் சுத்தியல், நிப்பிள் என்னும் சிறு குழாயின் மேல் பொருத்திய கேப்பை அடிக்கிறது. கேப்பில் எழும் தீப்பொறி நிப்பிளின் துளை வழியே சென்று குழலிலுள்ள மருந்தைப் பற்றவைக்கிறது. இத்தொடரில் ஏதேனும் ஒரு கண்ணி அறுந்தாலும் துப்பாக்கி வெடிக்காது.

காரணங்கள்

கேப் வெடிக்காவிட்டால் குறை வெளியே உள்ளது. கேப் வெடித்தும் துப்பாக்கி சுடாவிட்டால் குறை நிப்பிளிலோ குழலிலோ உள்ளது.

* கேப் ஈரமாக இருத்தல், அல்லது நிப்பிளில் இறுக அமராதிருத்தல். இறுக அமராத கேப்பை முதல் அடி உள்ளே தள்ளிவிடும். இரண்டாம் அடியில் அது வெடிக்கலாம்.
* சுத்தியலின் வில் தளர்ந்து அடி வலுவிழத்தல்.
* நிப்பிளின் துளையை எண்ணெயோ முந்தைய வெடியின் கசடோ அடைத்தல்.
* கருமருந்தில் ஈரம் ஏறுதல்.
* மருந்து இடாமலேயே குண்டைக் கிட்டித்தல்.

கையாளும் முறை

மருந்து உடனே வெடிக்காமல், சில நொடிகள் கழித்து வெடிப்பதும் உண்டு. எனவே குழல்வாயை ஆளில்லாத திசையில் நீட்டியவாறே குறைந்தது ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். குழலுக்குள் எட்டிப் பார்ப்பதும் வாய்வைத்து ஊதுவதும் உயிருக்கு ஆபத்தானவை.

அதன்பின் புதிய கேப் இட்டுச் சுட்டுப் பார்க்கலாம். கேப் மட்டுமே வெடித்தால், நிப்பிளின் துளையை மெல்லிய கம்பியால் சுத்தம் செய்ய வேண்டும். அப்போதும் பயனில்லையெனில் நீர் ஊற்றி மருந்தை முற்றிலும் நனைத்த பிறகே குண்டை வெளியே எடுக்க வேண்டும். குழலைச் சூடாக்கி மருந்தை உலர்த்த முயலக் கூடாது.

கிட்டிக்கும் கோலில், வெறுங்குழலின் ஆழத்திற்கு ஒரு கோடும் நிரப்பிய குழலின் ஆழத்திற்கு ஒரு கோடும் இடுவது வழக்கம். உள்ளே நிரப்பு உள்ளதா என்பதை இக்கோடுகள் காட்டிவிடும். நிரப்பின் மேல் மீண்டும் நிரப்பிச் சுட்டால் குழல் பிளக்கக்கூடும்.

வரலாறு

தீக்கல்லால் இயங்கிய பழைய துப்பாக்கிகள் மழையில் அடிக்கடி வெடிக்காமல் போயின. ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத், அடிபட்டால் வெடிக்கும் மருந்தைக் கொண்டு சுடும் முறைக்கு 1807 இல் காப்புரிமை பெற்றார். 1834 இல் இங்கிலாந்தின் வுல்விச்சில், ஆறு தீக்கல் துப்பாக்கிகளிலிருந்து 6,000 முறையும் புதிய முறையிலான ஆறு துப்பாக்கிகளிலிருந்து அதே அளவும் சுட்டுச் சோதித்தனர். வெடிக்காமை ஏறக்குறைய 26 இல் ஒரு பங்காகக் குறைந்தது.

1863 இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் களத்தில் ஏறத்தாழ 27,500 துப்பாக்கிகள் திரட்டப்பட்டன. அவற்றில் சுமார் 24,000 நிரப்பிய நிலையில் இருந்தன. அவற்றுள் ஏறக்குறையப் பாதியில் இரண்டு நிரப்புகள் இருந்தன. போரின் இரைச்சலில், முதல் நிரப்பு வெடிக்காததை அறியாமலே வீரர்கள் பலர் மீண்டும் நிரப்பியிருக்கலாம் எனக் கருதப்படுகிறது.

தமிழ்நாட்டில்

நரிக்குறவர்கள் நாட்டுத் துப்பாக்கியைக் கொண்டு வேட்டையாடி வந்தனர். 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது. 1959 ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் பெறத்தக்க ஆயுதமாக இவ்வகைத் துப்பாக்கியைக் குறிப்பிட்டே கூறுகிறது. தொழிலாகத் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கும் இச்சட்டப்படி உரிமம் வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் கறம்பக்குடி போன்ற, வடகிழக்குப் பருவமழை பெறும் ஊர்களில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை காற்றில் ஈரம் மிகுந்திருக்கும். கருமருந்தின் கசடு ஈரத்தை ஈர்த்துக் குழலைத் துருப்பிடிக்கச் செய்யும். சுட்ட அன்றே வெந்நீரால் குழலைக் கழுவி, நன்கு உலர்த்தி, எண்ணெய் பூசி வைப்பதும், அடுத்த முறை நிரப்பும் முன் அவ்வெண்ணெயைத் துடைத்தெடுப்பதும் வெடிக்காமையைப் பெரிதும் தவிர்க்கும்.