பொருளியல் கற்கத் தகுதி எது?

இலங்கையில் பொருளியலைச் சிறப்புப் பாடமாகக் கற்றுப் பட்டம் பெற விரும்பும் மாணவர் கடக்க வேண்டிய படிகளைச் சொல்லிவிடுவது எளிது. கல்விப் பொதுத் தராதரப் பத்திர உயர்தரப் பரீட்சையில் கலைப் பிரிவிலோ வர்த்தகப் பிரிவிலோ மூன்று பாடங்களிற் சித்தி வேண்டும். அச்சித்தியின் தரத்தைக் கணிக்கும் இசட் புள்ளி, அவ்வாண்டுக்குரிய வெட்டுப்புள்ளிக்குக் குறையாதிருக்க வேண்டும். பல்கலைக்கழகம் புகுந்த பின்னரோ முதலாம் ஆண்டுப் பரீட்சையில் நல்ல பெறுபேறு காட்டினாலன்றி நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவு கிட்டாது. பாடத்தில் கணிதமும் புள்ளிவிபரவியலும் மிகுதியாதலின் கணித அறிவும், உயர்ந்த நூல்களிற் பெரும்பாலன ஆங்கிலத்தில் இருத்தலின் ஆங்கில அறிவும், எழுதப்படாத விதிகளாக இவற்றோடு சேர்ந்துகொள்கின்றன.

இந்தப் பட்டியலில் இனத்தின் பெயரில்லை, சாதியின் பெயரில்லை, தொழிலாளி மகனுக்கு இடமில்லை என்று எந்த விதியும் கூறவில்லை. ஆனால் பட்டியலைக் கொழும்பிலிருந்து படிப்பதற்கும் டிக்கோயாவிலிருந்து படிப்பதற்கும் வேறுபாடு உண்டு. மாணவனிடம் பல்கலைக்கழகம் கேட்கும் தகுதி ஒவ்வொன்றும், அதற்கு முன்னரே சமுதாயம் அவனுக்குக் கொடுத்திருக்க வேண்டிய ஒன்று. கொடுத்த இடத்தில் அது தகுதி. கொடாத இடத்தில் அது தடை. டிக்கோயாவின் வரலாறு இந்த உண்மையை மிகத் தெளிவாகக் காட்டுகின்றது.

டிக்கோயா முதலிற் கோப்பி நாடாக இருந்தது. 1869ஆம் ஆண்டில் இலங்கையிற் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தது. பின்னர் மலைச்சரிவுகள் தேயிலைக்கு மாறின. 1884ஆம் ஆண்டில் புகையிரதப் பாதை ஹட்டனை அடைந்தது. திருச்சி, மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து வந்த மக்கள் லயங்களில் குடியேறினர். அவர்கள் வாழ்வில் முதலில் நுழைந்த எழுத்து கணக்கெழுத்தே. பெரட்டுக் களத்தில் பேர் பதியும் செக்ரோல், கொழுந்து நிறுக்கும் தராசு, அரிசிக்குப் பிடித்த காசு, கங்காணி தந்த முன்பணம், அம்முன்பணத்தின் மீது ஏறிய கடன் ஆகியன யாவும் கணக்கு. ஓர் ஆளின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் அவரை விடுவிப்போம் என்று தோட்டம் எழுதித் தரும் சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். அடுத்த தோட்டம் அக்கடனைக் கட்டி ஆளைப் பெற்றுக்கொள்ளும். மனித உழைப்பைக் கடனோடு சேர்த்துக் கைமாற்றிய இந்த முறை 1921ஆம் ஆண்டிற்றான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

கூலி, கடன், விலை, இலாபம் என்ற சொற்களைப் பொருளியல் மாணவர் நூலிற் கற்பர். லயத்துப் பிள்ளை அவற்றின் விளைவுகளை அடுப்படியிலேயே கண்டது. உலகச் சந்தையில் தேயிலை விலை இறங்கினால் டிக்கோயாவில் வேலை நாள் குறையும் என்பதை அதற்கு எவரும் பாடமாக நடத்த வேண்டியிருக்கவில்லை. ஆனால் அனுபவம் தானாகவே அறிவாகிவிடாது. ஏன் விலை இறங்கியது, இறங்கிய நட்டம் ஏன் கூலியின் தலையில் மட்டும் விழுந்தது என்று கேட்டு விடை காண்பதற்குக் கல்வி வேண்டும்.

அக்கல்வியின் முதற் பாடம் பாடசாலைக்கு வெளியே தொடங்கியது என்பது குறிப்பிடத்தக்கது. கோ. நடேசய்யர் தஞ்சாவூரில் வணிகம் கற்பித்த ஆசிரியர். கணக்குப் பதிவு முதலிய துறைகளைத் தமிழில் எழுதியவர். இலங்கைக்கு வந்து பத்திரிகையாளராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் விளங்கிய அவர், 1931ஆம் ஆண்டில் ஹட்டனைக் களமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார். 1936ஆம் ஆண்டில் ஹட்டன் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபைக்குத் தெரிவானார். வணிக ஆசிரியர் ஒருவர் தொழிலாளர் தலைவரானது தற்செயலன்று. தோட்டத்தில் அநீதி சவுக்கின் வடிவில் மட்டும் வரவில்லை. கணக்கின் வடிவிலும் வந்தது. ஆகவே கணக்குத் தெரிந்தவரின் துணை தொழிலாளருக்கு இன்றியமையாததாயிற்று.

பாடசாலையின் கதை வேறு. தோட்டத்துப் பிள்ளைகளுள் ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ளோர்க்குத் தாய்மொழியிற் கல்வி வசதி செய்தல் தோட்ட நிருவாகத்தின் கடமை என்று 1907ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. பத்து வயது என்ற எல்லை பொருள் பொதிந்தது. எழுத்துக் கூட்டத் தெரிந்தாற் போதும், அதன்மேல் கொழுந்துக் கூடை காத்திருக்கிறது என்பதே அதன் பொருள். தோட்டப் பாடசாலைகளிற் பல ஓர் ஆசிரியரோடும் ஐந்தாம் வகுப்போடும் நின்றுவிட்டன. ஹட்டனில் மிஷனரிமார் தொடங்கிய ஆங்கிலப் பாடசாலை இருந்தது. சில மைல் தொலைவிலிருந்த லயத்திலிருந்து அங்குச் செல்லப் பாதையும் இருந்தது. ஆனால் கட்டணமும் உடுப்பும் ஒரு பிள்ளையின் உழைப்பை இழக்கும் வசதியும் இருந்தோர்க்கே அந்தப் பாதை பயன்பட்டது.

அதே காலத்தில் கொழும்பில் வேறொரு கட்டடம் எழுந்தது. 1921ஆம் ஆண்டில் பல்கலைக்கழகக் கல்லூரி நிறுவப்பட்டு, மாணவர் இலண்டன் பல்கலைக்கழகப் பட்டங்களுக்கு ஆயத்தம் செய்யப்பட்டனர். 1942ஆம் ஆண்டில் அது இலங்கைப் பல்கலைக்கழகமாயிற்று. பின்னர் பேராதனையில் மகாவலிக் கரையில் அழகிய வளாகம் எழுந்தது. போதனை ஆங்கிலத்தில், புகுமுகப் பரீட்சையும் ஆங்கிலத்தில். இவை யாவற்றையும் கட்டிய அரசாங்க வருமானத்தில் தேயிலை ஏற்றுமதிக்குப் பெரும் பங்கு உண்டு. பொருளியல் வகுப்பில் ஆராயப்பட்ட நாட்டுப் பொருளாதாரமும் அடிப்படையில் தேயிலைப் பொருளாதாரமே. தேயிலை வகுப்பறைக்குட் சென்றது. தேயிலையைக் கொய்தவரின் பிள்ளை செல்லவில்லை.

1945ஆம் ஆண்டில் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி மலர்ந்தது. கிராமங்களில் மத்திய கல்லூரிகள் தோன்றின; ஏழைச் சிங்கள விவசாயியின் மகனும் யாழ்ப்பாணத்துச் சிறுவனும் பல்கலைக்கழகத்தைக் கனவு காணத் தொடங்கினர். அச்சீர்திருத்தம் இலங்கை மக்களின் பெருமைக்குரிய சாதனை. அதை மறுப்பார் இலர். ஆனால் தோட்ட எல்லைக்கு வந்ததும் அதன் நடை தளர்ந்தது. தோட்டங்கள் நிலமும் கட்டடமும் தர, அரசாங்கம் பாடசாலைகளை நடத்துவதற்கு 1947ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வழி செய்தது. எனினும் அதனை நிறைவேற்றுமாறு அரசாங்கத்தை நெருக்கும் சக்தி அடுத்த ஆண்டே பறிபோயிற்று. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு உறுப்பினர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் மலையக மக்களின் பெரும்பகுதியினரை வாக்குரிமையற்றோராக்கின. 1952 தேர்தலில் அந்த ஏழு இடங்களில் ஒன்றுமே மிஞ்சவில்லை. 1953ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இந்தியத் தமிழர் எனப் பதியப்பட்டோர் 9,74,098 பேர். நாட்டு மக்களில் ஏறத்தாழ நூற்றுக்குப் பன்னிருவர். வாக்கில்லாத அம்மக்களின் பாடசாலையைப் பற்றி எந்த அமைச்சர் கவலைப்படுவார்?

அக்காலத்தில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொருளியற் பேராசிரியராக விளங்கியவர் பி. பி. தாஸ் குப்தா. இலங்கைப் பொருளாதாரம் பற்றிய அவருடைய நூல் 1949ஆம் ஆண்டில் வெளிவந்தது. இந்தியாவிலிருந்து அறிஞர் ஒருவரை வரவழைத்துப் பீடத்தில் அமர்த்தியது நன்றே. அறிவுக்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணில் உழைத்தவரை அதே ஆண்டுகளில் அந்நியர் என்று சட்டம் எழுதியதை இதனோடு வைத்து நினைக்காமல் இருத்தல் இயலாது. பட்டம் பெற்றாலும் அதன் பயன் யாது? 1950ஆம் ஆண்டில் மத்திய வங்கி தோன்றியது, திணைக்களங்கள் விரிந்தன, பொருளியல் பட்டதாரிக்கு வாயில்கள் திறந்தன. அரசாங்க உத்தியோகமோ பிரசைக்கே உரியது. இவ்வாறு எந்தப் பாடத்திட்டத்திலும் எழுதப்படாத ஒரு தகுதி, பிரசாவுரிமை, எல்லாத் தகுதிகளுக்கும் முன்னே வந்து நின்றது.

1960ஆம் ஆண்டளவில் கலைப் பாடங்கள் சிங்களத்திலும் தமிழிலும் போதிக்கப்படலாயின. ஆங்கிலம் என்ற உயர்ந்த மதில் தாழ்ந்தது. தமிழிற் பொருளியல் கற்கலாம் என்ற நிலை மலையகத்துக்கும் நன்மையே. ஆனால் வாயில் தாழ்ந்த வேளையில் அதை நோக்கி வரவேண்டியவரின் காலடி நிலமே அசைந்தது. 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் விதி 1974ஆம் ஆண்டு வரை தள்ளிவைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு எந்த நாட்டில் இருப்போம் என்று அறியாத குடும்பம், ஆறு ஆண்டுகளுக்குப் பின் வரும் பரீட்சைக்குப் பிள்ளையை எவ்வாறு ஆயத்தம் செய்யும்? 1972, 1975 ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1973, 1974 ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தில் தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் ஏற்கத் தொடங்கியது 1970களிலேதான். நாடு இலவசக் கல்வி பெற்ற ஒரு தலைமுறைக்குப் பின்னரே டிக்கோயா அதன் வாசலை மிதித்தது. பிரசாவுரிமைப் பிரச்சினைக்குச் சட்டப்படி முடிவு காண 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1974ஆம் ஆண்டில் வந்த மாவட்ட ஒதுக்கீடு பின்தங்கிய பகுதிகளுக்கு நீதி செய்யவே வந்தது என்று கூறப்பட்டது. இன்றும் பல கற்கைநெறிகளுக்கு நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 இடங்கள் மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும், 5 இடங்கள் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. நுவரெலியா அத்தகைய பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. ஆயினும் மாவட்டம் என்பது ஓர் ஒற்றை உடல் அன்று. நகரத்துப் பெரிய பாடசாலையும், கணித ஆசிரியர் இல்லாத தோட்டப் பாடசாலையும் ஒரே மாவட்டத்தின் பெயரால் ஒரே வரிசையில் நிறுத்தப்படுகின்றன. தோட்டத்து மக்களின் தொகை மாவட்டத்தின் பங்கைக் கூட்டுகிறது. கூடிய பங்கு தோட்டத்தைச் சேரும் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை.

“அப்படியாயின் தரத்தைத் தளர்த்த வேண்டும் என்கிறீரா?” என்று கேட்போர் உளர். இல்லை. பொருளியல் கடினமான பாடம். அதற்குக் கணிதமும் மொழியும் வேண்டும். அவை இல்லாமல் உள்ளே விடுவது அம்மாணவனையே ஏமாற்றுவதாகும். எமது வாதம் வேறு. ஒரு பாடசாலையில் கணித ஆசிரியரை நியமிக்கத் தவறியவர்கள், அப்பாடசாலையின் மாணவனுக்குக் கணிதம் வராது என்று தீர்ப்புச் சொல்லும் உரிமையை இழக்கிறார்கள். தகுதியைக் கோரும் அரசே தகுதியை வழங்கவும் கடமைப்பட்டது.

இது மாணவனின் நலன் மட்டுமன்று, பொருளியலின் நலனுமாகும். 1915ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளியற் பேராசிரியராகப் பொறுப்பேற்ற கில்பர்ட் சிலேட்டர், மாணவரைக் கிராமங்களுக்கு அனுப்பி, நிலம், கூலி, கடன், உணவு ஆகியவற்றைக் கணக்கெடுக்கச் செய்தார். 1918ஆம் ஆண்டில் வெளிவந்த அந்த ஆய்வில் திருநெல்வேலிச் சீமையின் கங்கைகொண்டானும் இடம்பெற்றது. இரு பத்தாண்டுகளின் பின் அதே கிராமங்கள் மீண்டும் ஆராயப்பட்டன. தமிழ்நாட்டுக் கிராமப் பொருளாதாரம் பற்றிய அறிவு, ஊரை அறிந்த மாணவர் ஊரை அளந்ததால் வளர்ந்தது. அந்தச் சீமைகளிலிருந்து கடல் கடந்து சென்றோரின் லயங்களையோ அவ்வாறு அளப்பதற்கு லயத்திலிருந்து வந்த மாணவர் வகுப்பறையில் இல்லை. அதனால் ஏட்டுப் பொருளியலில் தேயிலை நவீனத் துறையாகவும், தொழிலாளி உற்பத்திச் செலவின் ஒரு வரியாகவும் நெடுங்காலம் இருந்தனர். பெருந்தோட்டம் உண்மையில் நவீனத் துறைதானா என்று எஸ். பி. டி. டி சில்வா தமது பெரு நூலில் கேள்வி எழுப்பியது 1982ஆம் ஆண்டில். அந்தக் கேள்வி பெரட்டுக் களத்தில் என்றோ எழுந்திருக்கும். அதை எழுதக் கற்றவர்தாம் இல்லை.

இன்றைய நிலையில் இதன் விளைவு கண்கூடு. 1992ஆம் ஆண்டில் தோட்ட நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. நாட்சம்பளம் பேச்சுவார்த்தை மேசையில் தீர்மானிக்கப்படும் ஒன்றாயிற்று. 2021ஆம் ஆண்டில் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் சம்பளச் சபையால் நிர்ணயிக்கப்பட்டபோது, கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. உற்பத்திச் செலவு, ஏல விலை, ஒரு நாளில் ஒருவர் கொய்யும் கொழுந்தின் அளவு என்று புள்ளிவிபரங்களை அடுக்குவதற்கு அவர்கள் பக்கத்திற் பட்டதாரிகளுக்குக் குறைவில்லை. எதிர்ப்பக்கத்தில் அந்தக் கணக்கை வாங்கி, எந்த வரி மெய், எந்த வரி பொய் என்று காட்ட எத்தனை பேர் இருந்தனர்? நடேசய்யர் காலத்துத் தேவை இன்னும் தீரவில்லை.

செய்ய வேண்டியவை பெரிய இரகசியங்கள் அல்ல. டிக்கோயாப் பகுதியின் தமிழ்ப் பாடசாலைகளில் ஆறாம் வகுப்பு முதல் கணித, ஆங்கில ஆசிரியர் நிலையாக இருத்தல் வேண்டும். நடந்து செல்லும் தூரத்தில், பொருளியலும் கணக்கீடும் கற்பிக்கும் உயர்தர வகுப்பு வேண்டும். பல்கலைக்கழகத் தரத்திலான பொருளியல் நூல்கள் நல்ல தமிழில் வர வேண்டும். தமிழ் ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் அதைத் தம் பணியாகக் கொள்ள வேண்டும். ஒதுக்கீட்டைக் கணிக்கும்போது மாவட்டத்தோடு பாடசாலையின் நிலையும் நோக்கப்பட வேண்டும். மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் சென்றிருக்கும் மாணவர்கள், இன்று அத்தகையோர் உளர் என்பது மகிழ்ச்சிக்குரியது, தம் முதல் ஆய்வுக் கட்டுரைக்குத் தாம் பிறந்த தோட்டத்தையே பொருளாகக் கொள்ளட்டும். செக்ரோலையும் தராசையும் கடன் புத்தகத்தையும் இத்தனை காலம் பிறர் எழுதினர். இனி அவற்றை அத்தோட்டத்துப் பிள்ளைகள் வாசித்துக் கூட்டிப் பார்க்கட்டும்.