நெருக்கடியில் தலைமை: எதை விடுவது, எதில் நிற்பது?



பொருளாதார நெருக்கடியில் தலைவர் உறுதியாக நிற்க வேண்டுமா, விட்டுக்கொடுக்க வேண்டுமா? வரலாற்றின் இரு நிகழ்வுகள் இக்கேள்வியைத் தெளிவாக்குகின்றன.

1990 ஆகஸ்ட் 2 அன்று இராக் குவைத்தைக் கைப்பற்றியது. அங்கே உழைத்துவந்த இந்தியர்கள் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அம்மான் வழியாக விமானங்களில் தாயகம் திரும்பினர். எண்ணெய் விலை ஏறியது; வெளிநாட்டுக் கடன் சுமையும் அழுத்தியது. 1991 நடுவில் நாட்டின் அந்நியச் செலாவணி இருப்பு இரண்டு, மூன்று வார இறக்குமதிக்கே போதுமானதாக இருந்தது.

ஜூன் 21 அன்று பிரதமரான நரசிம்ம ராவுக்கு மக்களவையில் பெரும்பான்மை இல்லை. ஆயினும் ஜூலை 1, 3 ஆகிய நாட்களில் ரூபாயின் மதிப்பு இருமுறை குறைக்கப்பட்டது. அம்மாதமே ரிசர்வ் வங்கி ஏறத்தாழ 47 டன் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்தது. நம் பொன்னமராவதிக்கு அண்மையிலுள்ள சிவகங்கைத் தொகுதியின் உறுப்பினரான ப. சிதம்பரம், வர்த்தக அமைச்சராக ஏற்றுமதிக்கான ரொக்க மானியத்தை நிறுத்தினார்.

ஜூலை 24 அன்று நிதியமைச்சர் மன்மோகன் சிங் உர விலையை 40 விழுக்காடு உயர்த்தினார். ஆளுங்கட்சியினரே எதிர்த்தனர். ஆகஸ்டில் அவ்வுயர்வு 30 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. சிறு, குறு விவசாயிகளுக்கு விலக்கும் கிடைத்தது. இதனைப் பின்வாங்கல் என்றனர் சிலர். நாம் அவ்வாறு கருதவில்லை. ரூபாய் விடயத்தில் தளராத அரசு, ஏழை உழவனின் முன் தளர்ந்தது. தளர வேண்டிய இடம் அதுவே.

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டை நினைவுகூர்வோம். மழை பொய்த்து, நிலம் சாம்பல் நிறமான அவ்வாண்டு 'ஆமுர் ரமாதா' எனப் பெயர் பெற்றது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அவ்வாண்டு ஸகாத் வசூலைத் தள்ளிவைத்தார்கள். பசியால் திருடியவனுக்குக் கைவெட்டும் தண்டனையை நிறைவேற்றவில்லை. ஸகாத்தின் கடமையை அவர்கள் நீக்கவில்லை. வறியவருக்குத் தவணை தந்தார்கள். ஆனால், தம் விடயத்தில் எள்ளளவும் விட்டுக்கொடுக்கவில்லை. மக்களுக்குக் கிடைக்கும்வரை நெய்யையும் இறைச்சியையும் தவிர்த்தார்கள். அவர்களது மேனியின் நிறமே மாறியதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர்.

1991க்கும் ஹிஜ்ரி 18க்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் புலப்படுகிறது. 1991இல் நாடு மீண்டது உண்மை; ஆயினும் அந்த நிதிநிலை அறிக்கை நியாயவிலைக் கடைச் சீனியின் விலையையும் உயர்த்தியது. மதீனாவிலோ சுமையை முதலில் சுமந்தவர் ஆட்சியாளர்.

இந்த அளவுகோல் அரசுக்கு மட்டும் உரியதன்று. நம் மஹல்லாவின் வருவாய் சுருங்கும்போது முதலில் வெட்டப்படுவது எது? விழா மேடைச் செலவா, மோதினாரின் ஊதியமா? பலவீனருக்காக விட்டுக்கொடுப்பது கோழைத்தனமன்று. பலவீனரை விட்டுக்கொடுப்பது துணிவுமன்று.

தம்மை முதலில் கணக்குக் கேட்கும் தலைவர்களை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.