தூத்தூர்க் கடற்கரை

குமரி மாவட்டத்தில் கருங்கல்லுக்கு மேற்கே, குழித்துறை ஆற்றுக்கு அப்பால், இரயுமன்துறை முதல் நீரோடி வரை தோளுரசி நிற்கும் எட்டு மீனவ ஊர்கள். முன்னே அரபிக்கடல், கிழக்கே பொழிமுகம், பின்னே 1860இல் வெட்டத் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். ஏறக்குறைய தீவு வாழ்க்கைதான்.

சுறா பிடிப்பதில் இவ்வூர்களின் மீனவர்கள் அசாத்தியத் திறமைசாலிகள். நீண்ட கயிற்றில் நூற்றுக்கணக்கான முட்கள் தொங்கும் தூண்டிலோடு, கொச்சியைத் தளமாகக் கொண்டு லட்சத்தீவையும் தாண்டுவார்கள். கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும்.

அந்தத் தொலைவே 2017 நவம்பர் 30 அன்று வினையானது. ஒக்கி புயல் எச்சரிக்கை ஆழ்கடலில் இருந்தவர்களை எட்டவில்லை. குமரி மாவட்டத்தில் உயிரிழந்தோரிலும் காணாமற்போனோரிலும் பெரும்பாலோர் இக்கரையினர். ஆழ்கடல் செல்லும் ஒவ்வொரு படகுக்கும் செயற்கைக்கோள் தொடர்புக் கருவியை அரசு உறுதிசெய்ய வேண்டும்.